நாற்பத்தாறு சின்ன மூஞ்சிகள்

நோட்டு எண்ணும் இயந்திரம் கடைசிக் கட்டையும் விழுங்கித் துப்பியபோது, காலையிலிருந்து இருந்த பயம் சுலேமாவுக்குக் கொஞ்சம் விட்டது. இருநூற்று ஐம்பத்து நான்கு நோட்டு, எல்லாம் நூறு டாலர். இன்னும் நாற்பத்தாறுதான் பாக்கி. அது மேசைமேல் ஒரு சுருளாக, கறுப்பு நாடா ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. அதையும் எண்ணி முடித்துவிட்டால், பத்தொன்பது வருடமாக வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஃப்ளோரெஸ் பேட்டை வீடு அவள் பேருக்கு வந்துவிடும். வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையலறை, துணி உலர்த்த ஒரு முழ பால்கனி.

மேசைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் ஃபெர்மின் அஸ்த்ராதா, குளிருக்கு மூன்று சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. வியாழக்கிழமை விமானம் ஏறி, ஸ்பெயினில் வலென்சியாவில் இருக்கும் மகளிடம் போய்விடப் போகிறார். இன்று செவ்வாய். நடுவில் நோட்டரி லெதீசியா பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். விலை நாற்பத்திரண்டாயிரம். பன்னிரண்டாயிரத்தை மார்ச் மாதமே முன்பணமாகக் கொடுத்தாயிற்று. மீதி முப்பதாயிரம் இன்று பகல் ஒரு மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால் முன்பணமும் போச்சு, வீடும் போச்சு. வாங்கிக்கொள்ள இன்னொருவன் காத்திருக்கிறான்.

எங்கள் புவனோஸ் அய்ரெஸில் ரொட்டிக்கும் பஸ்ஸுக்கும் உள்ளூர்ப் பெசோ, வீட்டுக்கும் காருக்கும் டாலர். வீட்டு விலையைப் பெசோவில் சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் சிரிப்பார், பிறகு நமக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்ப்பார். பெசோவில் சொன்ன விலை காபி ஆறுவதற்குள் மாறிவிடும்.

சுலேமா தன் வேலைப் பையிலிருந்து நகம் வெட்டும் குறடை எடுத்து உறையின் நாடாவை அறுத்தாள். சுருள் பிரிந்தது. ஃபெர்மின் எட்டிப் பார்த்தார். மேல் நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததையும் எடுத்தார்.

"என்ன சுலேமா இது?"

"டாலர்தான், தொன் ஃபெர்மின்," என்றாள் மரியாதை குறையாமல்.

"டாலர்தான். ஆனா எல்லாம் சின்ன மூஞ்சி."

அவள் குனிந்து பார்த்தாள். நோட்டிலிருந்த வழுக்கைத் தலைக் கிழவர் ஒரு சின்ன முட்டை வட்டத்துக்குள் ஒடுங்கியிருந்தார். பழைய அச்சு. புது அச்சில் அதே கிழவரின் மூஞ்சி நோட்டு கொள்ளாத அளவுக்குப் பெரிது. அச்சடித்த அமெரிக்காவில் இரண்டும் நூறுதான். இந்தப் புவனோஸ் அய்ரெஸில் மட்டும் சின்ன மூஞ்சிக்கு மரியாதை கிடையாது. எவன் ஆரம்பித்தானோ தெரியாது. ஒருத்தன் வாங்க மாட்டேன் என்றான், அவன் வாங்க மாட்டான் என்று இவன் வாங்கவில்லை, இப்போது யாருமே வாங்குவதில்லை. இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தைக் கண்டுபிடிக்க எங்களால்தான் முடியும்.

லெதீசியா ஒப்பந்தத்தின் நான்காம் ஷரத்தில் விரலை வைத்தாள். "பெரிய மூஞ்சி நோட்டுகளாக மட்டும்னு இருக்கும்மா. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டிருக்கேன்." சுலேமா அந்த வரியைத் திரும்பப் படித்தாள். "ஆனா நான் இதைப் பிரிச்சே பார்க்கலை."

பிரித்துப் பார்க்காமல் யாராவது பணத்தைக் கணக்கில் சேர்ப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். சுலேமா ஃபெரெய்ரா சேர்த்தாள். அதற்கு அவளுடைய வாழ்க்கைதான் காரணம்.

எண்பத்தொன்பதில் அவளுக்குப் பத்தொன்பது வயது. சூப்பர் மார்க்கெட்டில் விலைச்சீட்டு ஒட்டும் வேலை. காலையில் ஒட்டிய சீட்டின் மேல் மத்தியானம் இன்னொரு சீட்டு, சாயங்காலம் அதற்கும் மேல் ஒன்று. பால் அலமாரியை நோக்கி அவள் நடந்தால் பெண்கள் அவளை முந்திக்கொண்டு ஓடுவார்கள். சிலர் அவளைத் திட்டவும் செய்தார்கள், விலையை அவள்தான் ஏற்றுகிறாள் என்பது போல. முதல் சம்பளத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் பார்த்து வைத்திருந்தாள். இரண்டு நாள் கழித்து வாங்கலாம் என்று இருந்துவிட்டாள். அந்தக் காசுக்கு இரண்டு நாள் கழித்துக் காலுறைதான் கிடைத்தது. கடை வாசலிலேயே நின்று அழுதாள். இனி ஒரு பெசோவும் தன் வீட்டில் ராத்தங்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

பிறகு பாத வைத்தியம் கற்றுக்கொண்டாள். வயதானவர்களின் வீடு வீடாகப் போய் நகம் வெட்டி, ஆணி எடுத்து, பித்தவெடிப்பைத் தேய்த்துவிடும் தொழில். கூலி பெசோவில். வெள்ளிக்கிழமை வந்ததும் கையிலிருக்கும் பெசோவை எல்லாம் டாலராக்கிவிடுவாள். அவள் எதையும் ஜோடிக் காலில்தான் கணக்குப் பார்ப்பாள். ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று சட்டம் இருந்த தொண்ணூறுகளில் ஐந்து ஜோடிக் காலுக்கு ஒரு நூறு டாலர் நோட்டு. இப்போது பன்னிரண்டு ஜோடி.

இரண்டாயிரத்து ஒன்றில் கணவன் அன்செல்மோ, "பேங்க்ல போடலாம்டி, வட்டி வரும், பெட்டில வச்சா குட்டியா போடும்?" என்று தினமும் அரித்தெடுத்தான். இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். நாற்பத்தாறு நோட்டை மட்டும் ஜன்னல் ஷட்டர் சுருளும் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு, அம்மாவின் வைத்தியத்துக்குச் செலவாகிவிட்டது என்று பொய் சொன்னாள். டிசம்பரில் வங்கிகள் கதவை அடைத்தன. உள்ளே இருந்த டாலரெல்லாம் காகிதத்தில் பெசோவாயிற்று. அன்செல்மோ மாதக்கணக்கில் வங்கியின் இரும்புக் கதவில் பாத்திர மூடியால் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மூடியை வீட்டில் வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான், திரும்பவில்லை. அந்த நாற்பத்தாறுதான் அவளுக்கு மிஞ்சியது. சொந்த வீடு வாங்கும் நாள்வரை தொட மாட்டேன் என்று உறையில் போட்டு நாடா ஒட்டினாள். வெளியே மூஞ்சிகளின் மதிப்பு மாறிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன மூஞ்சி இருக்கிறது என்று அவள் யோசிக்கவே இல்லை.

"பெரிய மூஞ்சியா மாத்திக் கொண்டு வா," என்றார் ஃபெர்மின். "இல்லேன்னா பத்து பர்சென்ட் சேர்த்துக் கொடு."

"இதுக்கு மேல என்கிட்ட ஒரு டாலர் இல்லை. பெசோ கொஞ்சம் இருக்கு, அதுவும் பத்திரச் செலவுக்கு வச்சது."

"பெசோவா?" அவர் உண்மையிலேயே பயந்து போனார். "பெசோவை வச்சு நான் என்ன பண்றது?"

உங்கள் அம்மாவின் காலை எட்டு வருடம் மடியில் வைத்து நகம் வெட்டியவள் நான் என்று நாக்கு நுனிவரை வந்தது. சுலேமா அதை விழுங்கிக்கொண்டாள். அதற்கெல்லாம் கூலி வாங்கியாயிற்று.

மணி பதினொன்று ஐம்பது. சுருளைக் கோட்டின் உள்பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினாள். ஃப்ளோரிதா தெரு ஆறு குறுக்குத் தெரு தள்ளி. பத்தடிக்கு ஒருவன் நின்று, "மாத்தலாம், டாலர், யூரோ, மாத்தலாம்," என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தான். வழக்கமாக அவள் போகிற ஆள் ஃப்ளோரெஸில் இருக்கிறான், போய் வர நேரமில்லை. பார்வைக்குக் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்த ஒருத்தன் பின்னால் போனாள். தோல் சட்டைக் கடை, அதன் பின்கதவு, ஒரு குறுகிய மாடிப்படி, மேலே இரும்புக் கதவு. நாங்கள் குகை என்று சொல்லும் திருட்டு மாற்றுக்கடை. கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது, தாழ் விழுந்தது. உள்ளே வைத்துப் பிடுங்கிக்கொண்டால் போலீசில் என்ன சொல்வது? அவள் கை கோட்டைவிட்டு நகரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குண்டு ஆசாமி மாத்தே இலைக் கஷாயத்தைக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"சொல்லு ராணி, விக்கவா வாங்கவா?"

"இதுக்குப் பெரிய மூஞ்சி வேணும். நாப்பத்தாறு."

அவன் ஒரு நோட்டை விரலால் சுண்டினான். "அடடா, இவரு என்ன இவ்ளோ இளைச்சுப் போயிட்டாரு? நோட்டுக்குத் தொண்ணூறு தரேன்."

"பழைய துணியா விக்கறேன்? ஒரு மடிப்பு இருக்கா பாரு, கண்ணைத் தொறந்து பாரு!"

"கோவிச்சுக்காத ராணி. தொண்ணூத்திரண்டு. அதுக்கு மேல எங்க அம்மா வந்தாலும் கிடையாது. பெசோவா எடுத்துக்கறதுன்னா இன்னும் நல்லா போட்டுத் தரேன்."

"பெசோவை நீயே வச்சு அடுப்பு பத்த வை."

முன்னூற்று அறுபத்தெட்டு டாலர் குறையும். நாற்பத்து நான்கு ஜோடிக் கால். எட்டு டாலர் சொச்சம் ஒரு ஜோடிக்கு என்று அவள் தலைக்குள் கணக்கு ஓடி முடிந்துவிட்டது. ஆனால் நாற்பத்து நான்கு ஜோடிக் கால்களை ஒரு மணிக்குள் எங்கே தேடுவது? சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தைந்து. ஆத்திரத்தில் கேட்டாள்:

"நூறு நூறுதானே! அந்த எட்டு டாலரைத் தின்னுட்டு இதை நீ என்ன பண்ணப் போற? நீ தள்ளிவிட்டா மட்டும் எவன் வாங்குவான்?"

"ஊரைவிட்டுப் போறவங்க வாங்குவாங்க," என்றான் அவன், உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே. "தொண்ணூத்தேழுக்குத் தள்ளிடுவேன். வெளியூர்ல எவன் மூஞ்சி பார்க்கறான்?"

சுலேமா கண்ணாடிக்குக் கீழே கையை விட்டு நோட்டுகளை இழுத்துக்கொண்டாள்.

"ஏய் ராணி, சரி, தொண்ணூத்தி மூணு!"

"கதவைத் தொற."

பெரிய நடை நடந்தாள், பாதி தூரம் ஓடினாள். வழியில் எவனோ தோளில் இடித்தபோது உயிரே போய் வந்தது. மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு ஐம்பது. வெளி அறையில் லெதீசியாவின் அடுத்த வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஃபெர்மின் எழுந்து கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாத்திட்டியா?"

"இல்லை. உட்காருங்க தொன் ஃபெர்மின், ஒண்ணு கேட்கறேன். பிளேன்ல கையோட எவ்வளவு கொண்டு போகலாம்?"

"பத்தாயிரத்துக்குள்ள."

"கொண்டு போறீங்களா?"

"பின்ன? போன உடனே மகள்கிட்ட கை நீட்டவா முடியும்?"

அவள் நாற்பத்தாறையும் மேசையில் விசிறி வைத்தாள். "அப்ப இதைக் கொண்டு போங்க. பெரிய மூஞ்சியை இங்க இருக்கறவங்களுக்கு விட்டுட்டுப் போங்க. வலென்சியால ரொட்டிக்கடைக்காரன் உங்ககிட்ட மூஞ்சி சின்னதுன்னு சொல்வானா? பேங்க்ல சொல்வானா? இங்க இருக்கற பைத்தியம் இங்கதான். நீங்கதான் இந்தப் பைத்தியத்தை விட்டுப் போறீங்களே!"

லெதீசியா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபெர்மின் உட்கார்ந்தார். ஒரு நோட்டை எடுத்தார், வைத்தார். சுலேமா அவர் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆள் பத்து சதவீதத்துக்கு அலைகிறான், கிழட்டுக் கஞ்சன் என்றுதான் ஆறு தெருவும் திட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

"அது எனக்குத் தெரியாதா," என்றார் அவர் மெதுவாக. "அங்க செல்லும்தான். ஆனா நான் திரும்பி வந்துட்டேன்னா?"

கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மருமகன் அந்த ஊர்க்காரன். எனக்கு அந்த ஊர் ஒத்துக்கலைன்னு வை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழிச்சு இந்த நோட்டோட வந்து இறங்குறேன். வீடும் இல்லை. இதை இங்க எவன் வாங்குவான்? பெரிய மூஞ்சியா இருந்தா ஒரு மாசமாவது ஒண்டிக்கலாம்."

சுலேமாவுக்கு இருந்த கோபமெல்லாம் ஒரே நொடியில் வடிந்துபோய், இந்த மனுஷனைத் திட்டினோமே என்று வெட்கமாக இருந்தது. எழுபது வயதில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, போகிற ஊரையும் நம்பாமல், விட்டுப்போகிற ஊரையும் நம்பாமல் ஒருவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"வந்தா என் வீட்டுக் கதவைத் தட்டுங்க," என்றாள். என் வீடு என்று தான் சொன்னது அவள் காதிலேயே புதிதாக விழுந்தது. "நாப்பத்தாறையும் கொண்டு வாங்க, முப்பதைக் கொண்டு வாங்க, எத்தனை இருந்தாலும் சரி. ஒண்ணுக்கு ஒண்ணு பெரிய மூஞ்சியா தரேன். ஒரு டாலர் பிடிக்க மாட்டேன்."

"உன்கிட்டதான் இதுக்கு மேல ஒண்ணுமில்லைங்கறியே?"

"இன்னிக்கு இல்லை. நீங்க வர்றதுக்குள்ள இருக்கும்."

"இதை நான் பத்திரத்துல எழுத முடியாது," என்றாள் லெதீசியா.

"எழுத வேண்டாம்," என்றார் ஃபெர்மின். நாற்பத்தாறையும் இயந்திரத்தில் கொடுக்காமல் தானே எச்சில் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து, மூன்று சட்டையையும் விலக்கி அடிச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டபோது ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

வியாழக்கிழமை விமானம் கிளம்பியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த வாரக் கால்களின் பெசோவோடு சுலேமா ஃப்ளோரெஸில் தன் ஆளிடம் போய் நின்றாள். வீடுதான் வாங்கியாச்சே, இனிமேல் எதற்கு டாலர் என்று அவன் சிரித்தான். "பேசாம ஒண்ணு குடு, பெரிய மூஞ்சியா பார்த்துக் குடு," என்றாள். வீட்டுக்கு வந்து அதை ஒரு புது உறையில் போட்டாள். இந்த முறை நாடா ஒட்டவில்லை. இன்னும் நாற்பத்தைந்து சேர்க்க வேண்டும். அதற்குள் அவர் வந்துவிடக் கூடாதே என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.