டெஸ் தன் பனிப்பலகையை அறுத்தது ஏன்

டெஸ்மண்ட் டக்வெல்லைத் தெரியுமா என்று எங்கள் பனிமலை ஊரான ஜிண்டபைனில் யாரைக் கேட்டாலும் தெரியும் என்பார்கள். மலைமேல் ஆள் ஏற்றுகிற கம்பிவட லிஃப்டுக்கு மெக்கானிக், நெட்டையன், படகு மாதிரி பாதம், அவ்வளவுதான் தெரியும். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேட்டால் ஊரே முழிக்கும். நான் இங்கே பனிச்சறுக்கு விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிறவள். எந்த அறையில் யார் யாரோடு தங்கினார்கள் என்பதுவரை என் காதுக்கு வந்துவிடும். இவனைப் பற்றி மட்டும் ஒன்றும் வந்ததில்லை, வருவதற்கு ஒன்றும் இல்லாததால்.

வேலை அப்படி. ஜனங்கள் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு வரிசையில் நிற்பதற்கு முன்பே அவன் கம்பத்தின் உச்சியில் ஏறி, பனிக்கட்டி அப்பிய உருளைகளைத் தட்டிக்கொண்டிருப்பான். ஜனங்கள் வந்ததும் மோட்டார் அறைக்குள் இறங்கிவிடுவான். மதுக்கடை நிறைகிற நேரத்தில் தூங்கப் போய்விடுவான். மனைவி ட்ரிஷ் இந்த ஊரில் இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்தாள். மூன்றாவது வருவதற்குள் கடலோரம் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், மோட்டாரோடு பேசுகிறவனோடு எத்தனை நாள்தான் குடும்பம் நடத்துவது?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களோடு மலைக்கு வருவான். எங்களோடு என்றால் மிர்கோ, ரொவீனா, நான். மிர்கோ எலக்ட்ரீஷியன்; அவன் அப்பா குரோவேஷியாவிலிருந்து இந்த மலைகளில் சுரங்கம் தோண்ட வந்தவர். அறுபதைத் தாண்டியும் மலையாடு மாதிரி ஏறுவான், வாயும் அதே வேகம். ரொவீனா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். நாங்கள் மூவரும் ஸ்கீ, காலுக்கு ஒன்றாக இரண்டு நீளச் சறுக்குக்கட்டை. அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. குதிகாலைத் தூக்கித் தூக்கி, லிஃப்டே இல்லாத மலைக்கும் ஏறிவிடலாம். டெஸ் வாலிபத்திலிருந்தே பனிப்பலகைக்காரன். இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டினால் இறங்கலாம், ஏற முடியுமா? பலகையை முதுகில் கட்டி, காலில் அகலமான பனிச்செருப்பு மாட்டி, பொத் பொத்தென்று மிதித்துக்கொண்டு வருவான்.

எப்போதும் பின்னால்தான். நாங்கள் உச்சிக்குப் போய், பாறை மறைவில் உட்கார்ந்து, தேநீர் ஊற்றி, மிர்கோ கொண்டுவந்த புகைபோட்ட தொத்திறைச்சியை வெட்டித் தின்று, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அவன் தலை தெரியும். அதற்குள் எங்களுக்கு வியர்வை காய்ந்து நடுக்கம் பிடித்துவிடும். அந்த மேற்குக் காற்றில் உட்கார்ந்திருந்தால் விறைத்துப் போவோம். அதனால் அவன் வந்து சேர்கிற நேரமும் நாங்கள் எழுந்திருக்கிற நேரமும் ஒன்றாகவே அமையும். களைத்து வந்தவனுக்கு ஓய்வும் கிடையாது, பேச்சும் கிடையாது. யார் மேலும் தப்பில்லை. மலையில் அதுதான் நடைமுறை.

இந்த வருஷம் ஜூலைக் கடைசியில், பூமியின் இந்தத் தென்பாதியில் அதுதான் நடுக்குளிர்காலம், ஒருநாள் கடைக்கு வந்தான். துணி போட வந்தானோ என்று பார்த்தால் கையை வீசிக்கொண்டு நிற்கிறான்.

“நோலா, புதன்கிழமை மத்தியானம் சும்மா இருப்பியா? ஒரு பலகையோட ஒரு முனையைப் பிடிக்கணும்.”

“எந்தப் பலகை?”

“என்னோடதுதான். நீளவாக்குல ரெண்டா அறுக்கப் போறேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? அறுத்து வித்தாத்தான் ரெட்டிப்பு விலை கிடைக்கும்னு எவனாவது சொன்னானா?”

சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னான். நடுவில் அறுத்தால் ஏறும்போது இரண்டு பாதியும் இரண்டு ஸ்கீ. உச்சியில் கொக்கி போட்டுச் சேர்த்தால் மறுபடி ஒரே பலகை. கடையிலும் விற்கிறார்கள், ஆனால் அவன் பாதத்துக்கு அதெல்லாம் ஒடுக்கம். தன் பலகைதான் போதிய அகலம். கொக்கி, பூட்டு எல்லாம் வரவழைத்துவிட்டானாம்.

புதன்கிழமை அவன் கராஜுக்குப் போனேன். பலகையைக் கவிழ்த்துப் போட்டு, நடுக்கோட்டின் மேல் காகித நாடா ஒட்டி, பக்கத்தில் ஒரு அலுமினியச் சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தான். மூக்கிலும் வாலிலும் இரும்பு விளிம்பை ஏற்கெனவே கிரைண்டரால் வெட்டியாகிவிட்டது. மீதி மரம்தான். மின்ரம்பத்தைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான்.

“என்னடா?”

“இது கோணிச்சுன்னா அவ்வளவுதான், நோலா. வேற பலகை இல்ல.”

“அப்ப எதுக்குடா இந்த வம்பு? இத்தனை வருஷமா நடந்துதானே வந்தே?”

ரம்பத்தைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே சொன்னான். “நான் மேல வர்றப்போ நீங்க எந்திரிச்சிடுறீங்க. நீங்க சாப்பிடுறப்போ கூட உட்காரணும். அதான்.”

முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவன் ரம்பத்தை மறுபடி எடுத்து, ஒரே இழுப்பில், மூச்சுவிடாமல், வால்வரை கொண்டுபோனான். கருகிய பிளாஸ்டிக் நாற்றத்தில் எனக்குக் கண் எரிந்தது. கோடு கோணவில்லை. அறுத்த இடத்தில் தெரிந்த மரத்துக்கு ஈரம் புகாமல் பசை பூசினான், துளைகளை அடைத்தான், பூட்டுகளைத் திருகினான். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அந்தத் தரையிலேயே சேர்க்கவும் பிரிக்கவும் பழகியிருக்கிறான். பிறகு தெரிந்தது.

ஆகஸ்டில் காற்று ஓய்ந்த ஒரு ஞாயிறு, மலையடியில் கத்தீகாவில் கார்களை நிறுத்தி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ட்வைனம் மலைக்குக் கிளம்பினோம். டெஸ் இரண்டு பாதிகளைக் காலில் மாட்டி வந்து நின்றதும் மிர்கோ ஆரம்பித்துவிட்டான்.

“அடேங்கப்பா! பெட்டிக்கடை ஷட்டரை உடைச்சு மாட்டிக்கிட்டு வந்திருக்கான் பாரு!”

“யோவ் கிழவா, முன்னால போ. இடிச்சுத் தள்ளிடப் போறேன்” என்றான் டெஸ். அவன் எதிர்த்து வாயாடி நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

நன்றாகவே ஏறினான். சரிவைக் குறுக்காகக் கடக்கிற இடத்தில் பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. அறுத்த பக்கம் இரும்பு விளிம்பு இல்லாததால் ஒரு கால் வழுக்கிக்கொண்டே போனது. மிர்கோ திட்டிக்கொண்டே தன் ஸ்கீயால் உதைத்து உதைத்துப் படி வெட்டிக் கொடுத்தான். டெஸ் முகமெல்லாம் சிவந்து, பல்லைக் காட்டிக்கொண்டு, எங்களோடு சேர்ந்தே முதல் மேட்டுக்கு வந்தான்.

அங்கே தண்ணீர் குடித்துவிட்டு உடனே இறங்குவதுதான் வழக்கம். நாங்கள் பட்டையை உரித்தோம், குதிகாலைப் பூட்டினோம், தயார். அவனோ முழங்காலில் உட்கார்ந்து பாதிகளைச் சேர்க்கிறான். கொக்கிக்குள் பனி போய் உறைந்துவிட்டது. வாயால் ஊதுகிறான், பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் சுரண்டுகிறான். ஏறுகிற நேரத்தை எல்லாம் கணக்குப் போட்டவன் சேர்க்கிற நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. கராஜில் பனி ஏது, காற்று ஏது? எங்களுக்கும்தான் தோன்றவில்லை.

“நீங்க போங்க, நான் வந்துடறேன்” என்றான்.

நடுங்கிக்கொண்டு நின்றோம், பிறகு போனோம். கீழே பள்ளத்தில் நின்று பார்த்தபோது அவன் தனியாக, அழகாக, பெரிய பெரிய வளைவு போட்டு இறங்கி வந்தான். அவ்வளவு பாடும் பட்டு, கடைசியில் பழையபடி தனியாக!

அவன் பலகையைப் பிரித்து மாட்டியதும் மறுபடி எல்லோருமாக உச்சிக்கு ஏறினோம். சாப்பாடு அங்கேதான். பாறை மறைவில் மூட்டையை அவிழ்த்தோம். டெஸ் ஒரு பாதியைக் கழற்றி, பட்டையின் ஓரத்தில் கைவைத்தான். கொக்கியைப் பார்த்தான். நாங்கள் ரொட்டி பிரிக்கிறதைப் பார்த்தான். மற்ற பாதியையும் கழற்றி, இரண்டையும் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, வந்து எனக்கும் ரொவீனாவுக்கும் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“டேய், இப்பவே சேர்த்து வை. அப்புறம் நீ ஊதிக்கிட்டு இருப்பே, நாங்க குளிர்ல சாகணும்” என்றான் மிர்கோ.

“சேர்க்கல. அந்தத் தொத்திறைச்சிய இப்படித் தள்ளு.”

“அப்ப எப்படிடா இறங்குவே?”

“இப்படியேதான்.”

தின்றான். தொத்திறைச்சி, என் சீஸ் ரொட்டி, ரொவீனாவின் பழக் கேக், ஒன்றையும் விடவில்லை. மிர்கோ தன் மருமகனைத் திட்டும் கதை எங்களுக்கு மனப்பாடம். டெஸ் அதை முதல்முறையாகக் கேட்டு, கேக் புரையேறச் சிரித்தான். ரொவீனா தேநீர் ஊற்றிக்கொண்டே, “டாஸ்மேனியாவுல அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள்.

“அம்மாவா? ஈஸ்டருக்கு முந்தியே போய்ச் சேர்ந்துட்டாங்க” என்றான், கோப்பையை வாங்கிக்கொண்டே.

மிர்கோவின் கத்தி நின்றுவிட்டது. “அடப்பாவி! ஒரு வார்த்தை சொல்லலையேடா!”

“எப்ப சொல்றது? நான் வர்றப்போ நீங்க ஸ்கீய மாட்டிட்டு நின்னீங்க.” குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னான். பிறகு அம்மாவைப் பற்றிச் சொன்னான். கப்பலேறி, தனியாகப் போய், அடக்கம் செய்துவிட்டு, மறு திங்கட்கிழமை கம்பத்தில் ஏறியிருக்கிறான். ரொவீனா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். காற்று எழும்பி எனக்குப் பல் கிட்டியது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மேற்கே மேகம் கறுத்ததும் கிளம்பவேண்டியதாயிற்று. அவன் பட்டையைக்கூட உரிக்கவில்லை. குதிகால் பூட்டாத இரண்டு துண்டுப் பலகைகளில், மெத்தென்ற பூட்ஸில் ஒரு மலையை இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? விழுந்தான். எழுந்தான். முகம் குப்புற விழுந்தான். அந்தப் பக்கத்துப் பனியோ, பலகைக்காரன் தவம் கிடக்கிற பொடிப்பனி. யாருக்கும் காத்திராத மிர்கோ அவன் பக்கத்திலேயே ஊர்ந்துகொண்டு, “இடது கால்! உன் இடது காலைச் சொன்னேன்டா, தடியா!” என்று கத்திக்கொண்டே வந்தான். ரொவீனாவும் நானும் அவன் தொலைத்த ஊன்றுதடியையும் தொப்பியையும் பொறுக்கிக்கொண்டு வந்தோம்.

கார் நிறுத்துமிடத்தில் மற்ற இருவரும் போனபிறகு, மனசு கேட்காமல் கேட்டேன். “இருந்த ஒரு பலகையையும் அறுத்தே. இன்னைக்கு மாதிரி பனி வருஷத்துல ஒருதரம் விழும். அதுல இப்படி உருண்டுக்கிட்டு வந்தியே, வயித்தெரிச்சலா இல்லையா?”

காதிலிருந்து பனியைத் தட்டிவிட்டான். “நல்ல இறக்கம் எத்தனையோ இறங்கியாச்சு, நோலா. கீழ வந்து சொல்லத்தான் ஆள் இருந்ததில்ல.”

பொறுக்கி வந்த தொப்பியை அவன் கையில் கொடுத்தேன். “அடுத்த ஞாயிறு உன் வண்டிய எடுக்காதே, என்கூட வா” என்றேன்.

“எத்தனை மணிக்கு?” என்றான், நான் வாயை மூடுவதற்குள்.