நோட்டீஸ்காரர்

மாத்திரையோடு வந்த தாளை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடைசி வரி வரை படிக்கிறார். அதுவரை மாத்திரை உள்ளங்கையில் காத்திருக்கிறது. அச்சடித்த எதையும் அவர் படிக்காமல் விடமாட்டார். "எவனோ மெனக்கெட்டு எழுதியிருக்கான்ல" என்பார்.

இருபத்து நாலு வயதில், சாலை போடுவதற்காக வீடுகளை இடித்த அரசாங்கத்தைக் கண்டித்து ஒரு நோட்டீஸ் அடித்தார். பதினொரு மாதம் சிறை. போலீஸ் அறைந்ததில் இடது காது போனது. அன்றிலிருந்து நண்பர்களுக்கு அவர் நோட்டீஸ்காரர்.

வேலை பார்த்த அச்சகம் மூடியதும் ஒரு பெரிய நிறுவனத்தின் கிடங்கில் பெட்டி கட்டப் போனார். அங்கே மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டினார்கள். கை ஒரு நிமிடம் சும்மா இருந்தால் அது அதிரும். "போலீஸ்காரனாவது அப்பப்ப கொட்டாவி விடுவான். இது அதுகூட விடாது."

ஆறு வாரத்துக்கு முன் பக்கத்து மேசைப் பெண் மயங்கி விழுந்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை தரையில் உட்கார்ந்திருந்தார். பட்டை அதிர்ந்துகொண்டே இருந்தது. கழற்றி ஓரமாக வைத்தார். மறுநாள் காலை அவருடைய அடையாள அட்டைக்குக் கிடங்கின் வாசல் திறக்கவில்லை. "எனக்கென்ன தெரியும்ண்ணே, மெஷின் வேணாங்குது" என்றான் காவலாளி.

தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி மரியாதையாகவே பேசினார். "நீங்களா விரும்பித்தானே ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க? நாங்க தலையிட முடியாதுங்க." நாற்பது பக்க ஒப்பந்தம். வேலைக்குச் சேர்ந்த அன்று ஃபோன் திரையில் விரலால் போட்ட கையெழுத்து. பின்னால் ஆள் வரிசை நெருக்கியதால், வாழ்நாளில் அவர் படிக்காமல் விட்ட ஒரே எழுத்து அதுதான்.

"சர்க்கார் இன்ன பிரிவுன்னு சொல்லிட்டு உள்ள வச்சுது. கோர்ட்ல நான் பேசினதை ஜட்ஜ் கேட்டாரு, தண்டனை குடுத்தாரு. இங்க யார் மூஞ்சியப் பாத்துப் பேசறது?" என்றார் என்னிடம்.

"அப்போ அரசாங்கமே தேவலையா?" என்று கேட்டேன்.

இடது காதைத் தொட்டுக் காட்டினார். "அப்படிச் சொன்னா இது சம்மதிக்காதுங்க."

நேற்று மாலை நான் போனபோது புது நோட்டீஸ் ஒன்று எழுதி முடித்திருந்தார். மயங்கி விழுந்த பெண், பட்டை, திறக்காத வாசல், எல்லாம் ஒரே பக்கத்தில். அதே கிடங்கில் வேலை பார்க்கும் மகள், வந்ததும் வராததுமாக, நின்றபடியே அதைப் படித்தாள்.

"எல்லாம் நெசந்தாம்ப்பா. ஆனா கீழ உங்க பேரு இருக்கே. அதுதானே என் இனிஷியல்? கண்டுபிடிக்க அவங்களுக்கு எவ்ளோ நேரமாகும்? இந்த வீட்ல இப்ப என் அட்டை ஒண்ணுக்குத்தான் வாசல் திறக்குது."

"பேர் போடலைன்னா அது மொட்டைக் கடுதாசிம்மா" என்றார் அவர்.

அவள் தாளை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் நிற்கவே இல்லை.

அவர் பேனாவைத் திறந்தார். கடைசி வரியில் இருந்த தன் பெயரை, ஓர் எழுத்தும் தெரியாதபடி, மெதுவாக அடித்தார்.