மோட்டார் ரூம் வாசலில் ஒரு வலை

என் வீட்டுக்காரர் போன ஆடியில் இறந்தார். ஆவணி பிறப்பதற்குள் கொழுந்தனார் ஆரம்பித்துவிட்டார். தோட்டத்தைப் பாட்டத்துக்கு விட்டுவிடலாம், இஞ்சி போடுகிறவர்கள் கேட்கிறார்கள், ஒற்றைப் பொம்பளை எதற்கு மண்ணில் கிடந்து சாக வேண்டும் என்றார். பாட்டம் என்றால் எங்கள் பக்கம் குத்தகை. எனக்கு அந்தத் தோட்டத்தைத் தவிர வேறு பிழைப்பும் தெரியாது, வேறு ஆசையும் கிடையாது. புடலைப் பந்தலை யாருக்கோ கொடுத்துவிட்டு டிவி முன்னால் உட்கார நான் என்ன கிழடா? முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் விடுகிற ஆளா? காப்புக் கட்டுக்கு முந்தின நாள், என் மாமனாரின் அண்ணனைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டு எரவாணத்திலும் தோட்டத்து மூலைகளிலும் கட்டுவோம். அதுதான் காப்பு. அதற்குள் மூலை முடுக்கெல்லாம் ஒட்டடை அடித்து முடித்திருக்க வேண்டும். எங்காவது ஒரு வலை தொங்கினால் போதும், அந்த வீட்டுப் பொம்பளையின் யோக்கியதையை ஊரே பேசும்.

அவர்கள் வந்த அன்றைக்கு மோட்டார் ரூம் கதவு நிலைக்கும் பக்கத்துத் தென்னைக்கும் நடுவே முறத்தின் அகலத்தில் ஒரு வலை. நடுவில் சுண்டைக்காய்ப் பருமனில் பழுப்பு நிறச் சிலந்தி. அதைப் பார்த்ததும் கொழுந்தனாரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"பாத்தீங்களா பெரீப்பா, எட்டுக்கால் பூச்சி வாசலையே அடச்சுக் கட்டீருக்குது. ஒரு வாரமா இங்க யாரும் காலு வெக்கலீங்க. நங்கை தண்ணி பாச்சறேன்னு சொல்றதெல்லாம் வெறும் பேச்சு."

நங்கை என்றால் அண்ணி, நான்தான். எனக்குச் சுள்ளென்று ஏறியது. தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு அந்த வாசலில் நிற்கிறவள் நான்.

அந்தச் சிலந்தியோடு எனக்குப் புரட்டாசியிலிருந்தே சண்டை. வலை முகத்தில் வந்து ஒட்டிய எரிச்சலில் விளக்குமாற்றால் அடித்துப் பிய்த்தேன். மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று. மறுபடி பிய்த்தேன், மறுபடி கட்டியது. ஒரு நாள் சீக்கிரமே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய நூலை வாய்க்குள் இழுத்துத் தின்றுவிட்டு, புதிதாகச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது. ராத்திரிக்கு ராத்திரி புது வலை. மலைக் கணவாயிலிருந்து வீசும் காற்று கிழித்தாலும் சரி, நான் கிழித்தாலும் சரி, அதற்கு ஒன்றுதான். எனக்கே வெட்கமாகிவிட்டது. சரி தாயே, நீ மேலே இரு, நான் குனிந்து போகிறேன் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் பந்தலில் பூச்சி குறைந்ததா என்று கேட்டால் தெரியாது. தெரியாததைச் சொல்லிக்கொண்டு திரிய எனக்குப் பிடிக்காது.

இதையெல்லாம் கொழுந்தனாரிடம் சொன்னால் சிரிப்பார். அதனால் ஒரே பேச்சாகச் சொன்னேன்.

"தம்பி, அந்தக் குச்சிய எடுத்து நீங்களே அத அறுத்துப் போடுங்க. நாளைக்கு வெடியால ஆறு மணிக்கு மாமாவக் கூட்டீட்டு வாங்க. வாசல்ல வலை இல்லீன்னா, நீங்க சொன்ன எடத்துல கையெழுத்துப் போடறேன்."

அவர் ஒரு நூல் பாக்கியில்லாமல் சுழற்றி எடுத்தார். சிலந்தி ஓட்டுக்கடியில் ஓடி ஒளிந்தது.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு பூச்சியை நம்பித் தோட்டத்தையே பணயம் வைத்திருக்கிறாயே, புத்தி கெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அது பயந்து வேறு மரம் பார்த்துப் போயிருந்தால் என் கதி என்ன?

காலையில் நான் முன்னால் போகவில்லை. நானே ஏதோ செய்துவைத்தேன் என்று நாக்கு மேல் பல்லைப் போட்டு யாரும் பேசிவிடக் கூடாது. வரப்பில் காத்திருந்து அவர்கள் இருவரோடும் சேர்ந்துதான் போனேன். லேசாக வெளுத்திருந்தது. வலை இருந்தது. நேற்றையதைவிடக் கொஞ்சம் சிறியது, ஆனால் முழுசு. நான் குனிந்து உள்ளே போய் மோட்டாரைப் போட்டேன். குனிந்தே வெளியே வந்தேன். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"தெனமும் இப்பிடித்தானுங்க மாமா. வலை இருக்குதுன்னா ஆளு வல்லைன்னு அர்த்தமில்லீங்க."

பெரியவர் வலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணி பாயுதல்லோ. அப்பறம் என்ன பேச்சு?" என்றார்.

கொழுந்தனாருக்கு இன்னொன்று பாக்கி இருந்தது. "அதெல்லாம் செரீங்க. சாயங்காலம் காப்புக் கட்டறதுக்கு ஆம்பளை வேணுமல்லோ. தாலி அறுத்த கையில கட்டலாமுங்களா? நானே வந்து கட்டறேன்."

காப்புக் கட்டுகிறவருக்குத்தான் தோட்டம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வருஷம் கட்டினால் அடுத்த வருஷம் இஞ்சிக்காரனோடுதான் வந்து நிற்பார்.

சாயங்காலம் பெரியவர் காப்புக் கொத்துகளைக் கொழுந்தனாரிடம் நீட்டினார். நடுவில் கைவிட்டு நான் வாங்கிக்கொண்டேன்.

"தண்ணி பாச்சறவ நானுங்க மாமா. நானே கட்டறேன்."

கொழுந்தனாரின் கை நீண்டபடியே நின்றது. வடகிழக்கு மூலையில் தொடங்கி நாலு மூலையிலும் கட்டினேன். கடைசி முடிச்சையும் இறுக்கினேன். யார் தடுத்திருந்தாலும் கட்டியிருப்பேன்.