கறுப்பு இன்ஜினுக்குக் கட்டிய காயில்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு மகேஷ்குமாரின் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் செல்லக்கனி மாடிக்கு ஏறினாள். கணவர் பகவதியப்பனை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப்போன அந்த ஆட்டோ திரும்பி வர ஒன்றரை மணி நேரமாகும். தொடவே கூடாது என்று அவர் சொல்லியிருந்த ஒன்றை அதற்குள் திறந்து, வேலையை முடித்து, மூடியும் ஆக வேண்டும்.

அது ஒரு சாண் நீளமுள்ள கறுப்பு நீராவி இன்ஜின்.

பகவதியப்பன் துபாய் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர். லீவுக்கு வரும்போது மற்றவர்கள் கம்பளியும் சென்ட் பாட்டிலும் கொண்டுவர, அவர் பெட்டிக்குள் சின்ன ரயில் வண்டிகள் வரும். பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் மாறிவிடும். "மாடலாக்கும்" என்பார். அஞ்சுகிராமத்து வீட்டின் மாடியறையில் இரண்டு பிளைவுட் பலகைகளைச் சேர்த்து நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தார். டீசல் இன்ஜின் இரண்டு, இந்தக் கறுப்பு ஒன்று.

போன வருடம் வாதம் அடித்து வலது கை விழுந்துபோனது. நடை போய் நாற்காலி வந்தது. பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பியது. அவர் முன்பு போட்டிருந்த முறையில் தண்டவாளம் முழுமைக்கும் கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரே திருகுதான். திருப்பினால் அதன்மேல் நிற்கிற எல்லா இன்ஜினும் சேர்ந்து ஓடும். ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஓட்ட வேண்டுமானால் பலகையைச் சுற்றி நடந்து அங்கங்கே இருக்கும் சுவிட்சை அணைக்க வேண்டும். ஒருநாள் நாற்காலியிலிருந்தே இடது கையால் எட்டினார். ரயில் பெட்டி ஒன்று தரையில் விழுந்து சக்கரம் தெறித்தது.

"பூட்டிப் போடுட்டி அந்த ரூம" என்றார். நாலு மாதம் அறை பூட்டியே கிடந்தது.

செல்லக்கனியால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் பன்னிரண்டு வயதில் அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடையில் கம்பி சுற்ற உட்கார்ந்தவள். இன்றைக்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எரிந்துபோகும் பம்பு மோட்டார்கள் வீட்டு முன்பக்கம் அவள் வைத்திருக்கும் கடைக்குத்தான் வரும். டிஜிட்டல் முறை என்று ஒன்று இருப்பதை வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதில் தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்டு இருக்கும். அந்தக் கரண்டோடு கட்டளையும் சேர்ந்து போகும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் நகம் அளவில் டீகோடர் என்ற ஒரு சில்லு இருந்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளைக்கு மட்டும் கீழ்ப்படியும். பெங்களூரில் இருக்கும் மகள் பிந்து வேண்டிய போர்டுகளைக் கூரியரில் அனுப்பினாள். அவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இணைத்து, இடது கைக்கு வாகாக, வண்டிக்கு ஒரு திருகும் எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுத்தும் பெரிய சிவப்புப் பொத்தானும் வைத்தாள் செல்லக்கனி.

இதைக் கணவரிடம் சொல்லிச் சம்மதிக்க வைக்கவே ஒரு மாதம் ஆனது.

"டீசல் ரெண்டையும் எடுத்துக்கோ. கறுப்ப மட்டும் தொடாத. அதுல டீகோடர் சொருக எடம் கெடையாது. உள்ள வெட்டணும். நான் மொதல்ல வாங்கினது அதாக்கும்."

டீசல்கள் இரண்டும் முதல் வாரமே சொன்னபடி ஓடின. மகேஷ்குமார் மாடிக்குத் தூக்கிவிட, அவரும் ஓட்டினார். ஆனால் ஓட்டுகிற நேரமெல்லாம் கண் கறுப்பு இன்ஜின் இருந்த அலமாரிக்கே போனது. சொல்லாமல் செய்து முன்னால் வைத்துவிடலாம் என்று செல்லக்கனி துணிந்தது அதனால்தான்.

மோட்டாரின் இரண்டு முனைகளும் தண்டவாளக் கரண்டோடு ஒட்டாமல் தனியாக நிற்க வேண்டும். ஒட்டினால் டீகோடர் செத்தது. இது அவளுக்குத் தெரியும். ஒரு கம்பியை வெட்டினாள், இன்னொன்றைப் பிரித்தாள், டீகோடரைப் பற்றவைத்தாள். மணி பதினொன்றே முக்கால். தண்டவாளத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டு இன்ஜின் பக்கம் வந்தாள். இன்ஜின் ஒருதரம் துள்ளி நின்றது. உள்ளே எங்கோ 'டிக்' என்றது. சுவிட்ச் இருந்த பக்கம் அவள் ஓடுவதற்குள் புகைபோக்கி வழியாக நிஜமாகவே புகை வந்தது.

திறந்து பார்த்தாள். மோட்டாருக்குக் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷின் ஸ்பிரிங் ஒன்று, தண்டவாளக் கரண்டு ஏறும் இரும்பு உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. டீகோடர் போய்விட்டது. போதாக்குறைக்கு மோட்டாருக்குள் கம்பியைச் சுற்றிக் கட்டிய காயிலும் கருகிக் கிடந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"என்னமோ கருகுகே?" பகவதியப்பன் கீழிருந்து கேட்டார்.

"கடையில வார்னிஷ் காய வச்சிருக்கேன்." மாடியிலிருந்தே சொல்லிவிட்டாள்.

அடுத்த ஒன்பது நாட்களும் அவள் சரியாகத் தூங்கவில்லை. அவர் கண் அலமாரிக்குப் போனாலும் காலி இடம் தெரியாதபடி மேல்தட்டில் பிந்துவின் பழைய புத்தகங்களை முன்னால் அடுக்கிவைத்தாள். பகலில் கடைக் கதவை ஒருச்சாய்த்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே கருகிய காயிலைச் சுற்றுச் சுற்றாக எண்ணிப் பிரித்தாள். பம்பு மோட்டாருக்குக் கட்டும் கம்பி இதன் முன்னால் கயிறு மாதிரி. தலைமுடியை விட மெல்லிய கம்பி மூன்று முறை அறுந்தது. நாலாவது தடவை மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றி முடித்தாள். பேட்டரியில் தொட்டதும் மோட்டார் சுழன்றது. பிந்து அனுப்பிய இன்னொரு டீகோடரையும் பற்றவைத்தாயிற்று. ஆனால் தண்டவாளத்தில் வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பத்தாம் நாள் காலை, தோசையைப் பிய்த்தபடி அவரே பேச்சை எடுத்தார்.

"கனி, நான் யோசிச்சுப் பாத்தேன். கறுப்பையும் மாத்திரு. உனக்கு மனசிலாவாத வேலையா இது?"

அவள் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். மறைக்க ஒரு வழி கிடைத்திருந்தது; அன்றைக்கே மாற்றியதாகச் சொல்லிவிடலாம். வாய் வரவில்லை.

"மாத்தியாச்சு. ஒங்ககிட்ட கேக்காம மாத்தினேன். எரிஞ்சு போச்சு. நான்தான் திரும்ப காயில் கட்டியிருக்கேன். அன்னைக்கு கருகினது வார்னிஷ் இல்ல."

பகவதியப்பன் தட்டைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. வாதம் வந்த புதிதில் இப்படித்தான் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அந்த நாட்கள் நினைவில் வந்தன.

நாலு மணிக்கு, "கொண்டா அத" என்றார்.

இடது கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தன சுத்து?"

"ஒரு காயிலுக்கு நூத்தி அறுவது."

"கையாலயா?"

"பின்ன?"

மகேஷ்குமாரை வரவழைத்து அவரை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். கறுப்பு இன்ஜினை அரை வட்டம் முன்னால் நிறுத்தி, டீசலை அதன் பின்னால் நிதானமாக ஓடவிட்டார். டீசல் நெருங்கும்போது கறுப்பும் கிளம்பி முன்னால் ஓட வேண்டும். இரண்டும் ஒரே பாதையில், தனித்தனி வேகத்தில் போக வேண்டும். செல்லக்கனி இரும்பு உடம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. டீசல் வளைவைத் தாண்டி வந்தது.

அவர் கறுப்பின் திருகைத் திருப்பினார்.

கறுப்பு கிளம்பியது. பின்பக்கமாக. பின்னால் வரும் டீசலை நோக்கி.

"ஐயோ!" செல்லக்கனி பலகையை நோக்கித் தாவினாள். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம், அப்புறம் ஒரு சாண். குறுக்கே கையை வைக்கலாமா, இன்ஜினைத் தூக்கிவிடலாமா என்று அவள் தடுமாறுவதற்குள் பகவதியப்பனின் இடது உள்ளங்கை சிவப்புப் பொத்தானில் ஓங்கி அடித்தது. இரண்டும் நின்றன. இடையில் ஒரு விரல் போகலாம்.

மகேஷ்குமார்தான் முதலில் மூச்சு விட்டான். பிறகு நாற்காலி குலுங்கியது. பகவதியப்பன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, முப்பது வருசமா மோட்டார் கட்டுறியே. திசை பாக்காண்டாமா? தலைகீழா சுத்தியிருக்கியே!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஓடுமாண்ணு பாத்தேன். எந்தப் பக்கம் ஓடும்ணு பாக்கல."

காயிலைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. டீகோடரில் ஒரு எண்ணை மாற்றியதும் முன்பக்கம் பின்பக்கமாகி எல்லாம் நேரானது. அன்று இருட்டும்வரை இரண்டு வண்டிகளும் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றின.

ஒரு குறை மட்டும் இன்றும் தீரவில்லை. கறுப்பு பத்து நிமிடம் ஓடினால் சூடாகிவிடுகிறது. செல்லக்கனி இன்னொரு தடவை கட்டித் தருகிறேன் என்கிறாள், அவர் விடுவதில்லை. சுவரில் கடிகாரம் ஒன்றை மாட்டச் சொல்லியிருக்கிறார். பத்து நிமிடம் ஆனதும் இடது கையால் திருகை மெதுவாகக் குறைத்து, பலகையோரத்துச் சின்ன ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தி ஆறவைக்கிறார்.