கோடு போட வேண்டிய நாட்கள்

ஆவணி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. மழைமானியைப் பார்க்கப் போனவன், இடப்பக்கம் கட்டியிருந்த கன்றுக்குட்டி மேல் இடித்து விழுந்தேன். அது அங்கே நின்றது எனக்குத் தெரியவே இல்லை. அன்றைய மழையளவுக்குக் கீழே அதையும் எழுதி வைத்தேன். நோயின் முதல் அறிகுறி என்று நினைக்கவில்லை.

உத்திரமேரூர் அருகே நெல் பயிரிடுகிறேன். யாரும் கேட்காமலே பல வருடங்களாக மழை அளந்து எழுதி வருகிறேன். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. அளந்து பார்த்து மழை இல்லையென்றால் பூஜ்யம். ஊரில் இல்லாமல் அளக்காத நாளுக்குக் கோடு. இரண்டையும் மாற்றி எழுதினால் நோட்டு எதற்கும் ஆகாது.

அதற்கு முந்தைய மாசியில், பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்குப் போயிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்து, "புரை இல்ல, போலாம்" என்றார்கள். சந்தோஷமாகத் திரும்பினேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாட்டின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் நெடுங்காலம் கண்புரையையே முதலில் வைத்தது. ஓர் அறுவை சிகிச்சையில் பார்வை திரும்பும் நோய் அது. அதை முதலில் வைத்தது நியாயம்தான். முகாம்கள் அந்த வழியில் போயின, ஆராய்ச்சியும் பெரும்பாலும் பின்னாலேயே போனது. ஓசையில்லாமல் வரும் நோய்கள் பிறகுதான் திட்டத்துக்குள் வந்தன.

எனக்கு வந்தது அப்படி ஒன்று: கிளாகோமா (கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி, பார்வை நரம்பு மெல்லக் கெடும் நோய்). இடப்பக்கம் இடிப்பது தொடரவே, புரட்டாசியில் காஞ்சிபுரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பார்வைப் பரப்புச் சோதனை (எதிரே எங்கெங்கோ தோன்றும் ஒளிப்புள்ளிகளைப் பார்த்ததும் பொத்தானை அழுத்துவது) செய்தார்கள். இடக்கண்ணில் பாதிப் பரப்பு போயிருந்தது. வலக்கண்ணில் அப்போதுதான் தொடக்கம்.

"எனக்குக் கருப்பா எதுவும் தெரியலீங்களே" என்றேன்.

"தெரியாது. இல்லாத எடத்த மூளை பக்கத்துல இருக்கறத வெச்சி ரொப்பிடும்" என்றார் டாக்டரம்மா. "போனது வராது. இருக்கறதக் காப்பாத்தலாம்."

அப்போது ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மாதாமாதம் நகரத்துக்கு அலையாமல், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்ணழுத்தம் பார்த்து, சொட்டு மருந்தால் நோயை அடக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்று தெரிந்தால் திட்டத்தில் சேர்க்கச் சொல்லலாம். நானும் சேர்ந்தேன். காலையும் மாலையும் மருந்து போட்டதைக் குறிக்க ஒரு நோட்டு கொடுத்தார்கள். ஆய்வுப் பணியாளர் மும்தாஜ் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்.

"உங்க நோட்டுதான் சார் க்ளீன். மத்தவங்களுது பார்த்தா பேஜாரா கீது" என்பார்.

ஐந்து மாதமாகியும் அழுத்தம் இறங்கவில்லை. இடையில் இரண்டாவது மருந்தும் சேர்த்தார்கள், அதற்கும் கேட்கவில்லை. மாசிக் கடைசியில் மறுபடி காஞ்சிபுரம். பேருந்து மாகறல் தாண்டியபோது என் மனைவி சரோஜா, "இன்னா, பேச்சே காணோம்?" என்றாள்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "ஒருவேளைகூட விடல. அப்பவும் எறங்கல. வலது கண்ணுக்கு ஆபரேஷன்தான் வழி. சில பேருக்குப் பார்வை கொறயறதும் உண்டு, சொல்லிடறேன்."

மீதமிருந்த நல்ல கண் அது.

சரோஜா என்னையே பார்த்தாள். "நீயே சொல்றியா, நான் சொல்லட்டா?"

சொன்னேன். நடவு மாதத்திலும் அறுவடையிலும் பல மாலைகள் மருந்து போடவில்லை. மறுநாள் காலையில் நோட்டைத் திறந்தால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். பொறுக்காது. டிக் போட்டுவிடுவேன்.

"மழ பேயலன்னா பேஞ்சுதுன்னு எழுத மாட்டாரும்மா" என்றாள் சரோஜா. "அவர் கண்ணுன்னாத்தான் அவருக்கு எளக்காரம்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். "இத நம்பி நான் கத்திய எடுத்திருப்பேன். அது உங்க ஒருத்தரோட கண்ணு. இந்த நோட்டெல்லாம் சேர்ந்து மேல போகும் சார். மருந்து ஒழுங்காப் போட்டும் கிராமத்துல கேக்கலன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அடுத்த ஊர்க்காரருக்கு இந்த வசதி வேணாம்னு ஆயிடும்."

என் பழைய பக்கங்களை நம்பத்தகாதவை எனக் குறிக்கச் சொன்னேன். மருந்தை ஒழுங்காகப் போட்டுப் பார்க்கச் சொல்லி, டாக்டரம்மா அறுவையை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்.

மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். நீங்களும் இதே நோயோடு இருந்தால் அந்த இரண்டு நிமிடத்தின் நீளம் உங்களுக்குத் தெரியும். வருடக்கணக்கில் நாள் நாளாக மழையை எழுதிவந்தவனுக்கு, நாள் இப்போது இரண்டிரண்டு நிமிடங்களாக வருகிறது. நடக்கும்போது இடப்பக்கம் தலையைத் திருப்புகிறேன். அங்கே கன்று தெரியாவிட்டால், கன்று இல்லை என்று இப்போது முடிவு செய்வதில்லை.

சித்திரை முடிவில் அழுத்தம் இறங்கியிருந்தது. "இப்போதைக்குக் கத்தி வேணாம்" என்றார் டாக்டரம்மா. இப்போதைக்கு என்பதையும் எழுதிக்கொண்டேன்.

நேற்று உளுந்து அடித்து முடித்த களைப்பில் சாயங்காலமே படுத்துத் தூங்கிவிட்டேன். இன்று காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்தேன். மழை: பூஜ்யம். பிறகு கண் நோட்டைத் திறந்தேன். மும்தாஜ் வரும் நாள். நேற்று மாலைக்கான கட்டம் காலியாக இருந்தது. அதில் ஒரு கோடு போட்டேன்.