பானெட்டுக்குள் ஒரு பிடி களிமண்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு சுட்ட களிமண் சில்லை வைத்திருக்கிறேன். விரல் நீளம் இருக்கும். உள்பக்கத்தில் ஒரு குழாயை வைத்து அழுத்தியது போலப் பள்ளம். பார்க்கிறவர்கள் உடைந்த பொம்மையின் கை என்று நினைக்கிறார்கள். அது என் அக்காவின் காரிலிருந்து வந்தது என்றால் யார் நம்பப்போகிறார்கள்?

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். அக்கா விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பொம்மைச் சூளை நடத்திக்கொண்டிருந்தாள். வீடு ஸ்ரீமுஷ்ணம் சாலையில் ஒரு கிராமம். நான் படிப்பை முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை அவளோடு இருந்தேன். விடியும் முன்பே போய்ச் சூளையைத் திறக்க வேண்டும், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அவள் கணவர், எனக்கு மாமா, ஆசையாக வாங்கிவிட்டு ஓட்டாமல் போட்டுவைத்திருந்த பழைய காரை அவளே ஓட்டப் பழகிக்கொண்டாள். மாமா கெட்டவர் இல்லை. ஆனால் பெண்டாட்டி கார் ஓட்டுவதை ஊர் வேடிக்கை பார்ப்பது அவருக்குச் சங்கடம். "சூளைக்கு ஆளப் போட்டுக்கலாம், நீ வூட்ல இரு" என்பார். கார் போனால் சூளையும் கையை விட்டுப் போய்விடும் என்று அக்காவுக்குத் தெரியும்.

மார்கழி பிறந்ததும் காருக்கு ஒரு வியாதி வந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் போதும், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே இன்ஜின் உறுமிக்கொண்டு ஏறி நிற்கும், இறங்கவே இறங்காது. தெருவே எழுந்து வந்து பார்க்கும். விருத்தாசலம் போய்ச் சேர்வதற்குள் தானாக அடங்கிவிடும். மெக்கானிக் பார்க்கும் மதிய வேளையில் அதைப்போல சாதுவான வண்டி உண்டா? "ஆக்ஸிலேட்டர்ல கால வெச்சிக்கிட்டே இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார் அவர். மாமாவுக்கு இது போதாதா? திட்டக்குடியில் அவருடைய பங்காளி ஒருவர் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். மார்கழியில் வண்டி கைமாறக் கூடாது என்பதால், இப்போது வந்து பார்த்துவிட்டுத் தை பிறந்ததும் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அக்கா சண்டை போடவில்லை. எனக்கு இது வேண்டும் என்று அவள் வாயைத் திறந்து கேட்டு நான் பார்த்ததே கிடையாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பங்காளி வருவதாகச் சொன்ன அன்று காலை, பனி கலையும் முன்பே அவள் பானெட்டைத் திறந்துவைத்து என்னை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். கையில் ஒரு உருண்டை குழைத்த களிமண். சூளை வாயைச் செங்கல் வைத்து அடைத்ததும் இடுக்குகளில் களிமண் பூசுவார்கள். ஒரு இடுக்கு விட்டுப்போனாலும் காற்று புகுந்து தீ தாறுமாறாக எரியும். அக்கா காரையும் அப்படித்தான் யோசித்திருந்தாள்.

"குளிர்ல கத்துது, சூடானா அடங்குது. எங்கியோ ரப்பர் வெடிச்சிருக்குதுடி. குளிர்ல வாயத் தொறக்குது, சூட்டுல சேர்ந்துக்குது. அது வழியா காத்து பூருது."

ஒவ்வொரு குழாயாக மண்ணை அப்பிக்கொண்டே வந்தாள். இன்ஜினை ஒட்டிய ஒரு சின்னக் குழாயின் வளைவில் அப்பியதும் உறுமல் அப்படியே இறங்கியது. அக்கா சிரித்தாள்.

அப்போதுதான் உள்ளே மாமா போனில் பேசுவது கேட்டது. பங்காளி பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாராம். "வாங்க, வாங்க. வண்டி இன்னைக்குச் சத்தமே இல்லாம நிக்குது."

அக்காவின் சிரிப்பு நின்றது. வியாதியைக் கண்டுபிடித்தது காரை விற்பதற்கா? இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, அந்த மண்ணை உருக்குலையாமல் உரித்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "மறைச்சி வையி" என்றாள். தானே ஏறி ஒரு தடவை ஸ்டார்ட் செய்தாள். உறுமியது. அணைத்துவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள்.

பங்காளி வந்ததும் மாமாவே பெருமையாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி போட்ட கூச்சலில் பங்காளி பின்வாங்கினார். மாமா கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார். பிறகு அணைத்துவிட்டு, தோள் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு இறங்கினார். "இது தீராத வியாதிங்க. உங்களுக்கு வேணாம்" என்றார்.

அந்த வாரமே அக்கா குழாயை மாற்றிவிட்டாள். சில்லை அடுத்த சூளையில் வைத்துச் சுட்டு என்னிடம் கொடுத்தாள். மாமா அதற்குப் பிறகு விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. பங்காளி முன்னால் பட்ட அவமானம் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவை எப்படி ஏமாற்றினோம் பார்த்தாயா என்று நானும் அக்காவும் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்போம்.

போன மாதம் மாமாவுக்குப் புதுச்சேரியில் கண் ஆபரேஷன். அக்காதான் தன் புதுக் காரில் அழைத்து வந்து என் வீட்டில் தங்கியிருந்தாள். கிளம்பும்போது அவள் வண்டியைத் திருப்பப் போய்விட்டாள். மாமா மேசையைத் தடவிச் சில்லை எடுத்துப் பள்ளத்தைக் கட்டைவிரலால் நெருடினார்.

"அந்த வண்டியிலதான?"

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"அன்னைக்கு ஸ்டேரிங் பூரா ஈரக் களிமண்ணு. பங்காளி பார்த்துடப் போறாருன்னு துண்டால தொடச்சேன்" என்றார். "உங்கக்கா எதையும் வேணும்னு கேட்டதே இல்லம்மா. அவளுக்கு அவ்ளோ வேணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அவகிட்ட சொல்லிடாத."

வெளியே ஹாரன் கேட்டது. மாமா சில்லைக் காகிதங்களின் மேல் வைத்துவிட்டு, "போயிட்டு வரேம்மா" என்று வாசலுக்கு நடந்தார். அக்கா உள்ளிருந்தபடியே இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் ஏறி உட்கார்ந்தார்.