ஷூ போட்ட காலும் நூறடி நடைபாதையும்

சிவில் இன்ஜினியர் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் கட்டியதில் நாமே குடியிருக்க வேண்டியதில்லை, நாம் போட்டதில் நாமே நடக்க வேண்டியதில்லை. சைட்டில் வெயிலில் காய்ந்த சக இன்ஜினியர்களான உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் நாங்கள் ஐந்து பேர் அந்தச் சௌகரியத்தைக் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்துவிட்டோம்.

சேற்றுப் பள்ளம்

ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஆளுக்கொரு ஆபீசில் வேலை. வாரம் முழுக்க வரைபடத்தைப் பார்த்து அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளிலாவது ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று கிளம்பினோம். சம்பளம் இல்லாத வேலை என்பதால் எங்களைக் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான இடம். மழை பெய்தால் ஓரமாக நடக்கிறவர்கள் கணுக்கால் வரை சேற்றில் இறங்க வேண்டும். அங்கே கூழ்க்கடை வைத்திருந்த கன்னியம்மா, ஒரு பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறவர், அந்தச் சேற்றில் விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தார். இடத்தைப் பார்க்கப் போன எங்களிடம் மாவுக்கட்டுப் போட்ட கையை நீட்டிச் சொன்னார்: "படிச்சவங்க அஞ்சு பேரு பாத்துகினு நிக்கறீங்களே. வழுக்காம ஒரு பாதை போட்டுக் குடுங்க சார், அது போதும்."

தென்னந்துடைப்பம்

வழுக்கக் கூடாது. எங்கள் மண்டையில் அது ஒன்றுதான் இருந்தது. நூறடி நீளத்துக்குக் கான்கிரீட் நடைபாதை. சிமெண்ட் மூட்டையை நாங்களே தூக்கினோம், நாங்களே கலவை போட்டோம். துணைக்கு ஏழுமலை மேஸ்திரி வந்தார், அவரும் கூலி வாங்கவில்லை. கான்கிரீட் இறுக ஆரம்பித்ததும் அவர் கரண்டியை எடுத்து மேலே மழமழவென்று தேய்க்கப் போனார். நான் தடுத்தேன். ஈரம் காயுமுன் துடைப்பத்தை இழுத்தால் வரிவரியாகக் கோடு விழும், காலுக்குப் பிடிப்பு கிடைக்கும் என்பது பாடம். புதுத் தென்னந்துடைப்பம் ஒன்றை வாங்கி நானே இழுத்தேன். ஆர்வக்கோளாறு, அழுத்தியே இழுத்தேன், அதுவும் இரண்டு தடவை. மேஸ்திரி கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "மாட்டுக் கொட்டாய்க்குத்தான் சார் இந்த மாதிரி போடுவோம். இங்க நடக்கப்போறது மனுஷங்கதானே?"

வருங்கால இன்ஜினியர்கள்

பாதை காய்ந்து இறுகிய பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துவந்தோம். நாலு பேருக்காவது இந்தத் தொழில்மேல் ஆசை வரட்டும் என்று எண்ணம். ஜல்லி எத்தனை பங்கு, மணல் எத்தனை பங்கு, எத்தனை நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றெல்லாம் ஷூ காலால் பாதையைத் தட்டித் தட்டி விளக்கினேன். பிள்ளைகளில் பாதிப்பேர் வெறுங்கால். முன்வரிசையில் நின்ற ஒரு பெண் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும் அவள்தான் கையைத் தூக்கினாள். அவள் சொன்னதற்கு நாங்கள் ஐந்து பேரும் சிரித்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது, ஏனென்றால் அவள் சொன்னது இவ்வளவுதான்: "வழுக்கல சார். ஆனா குத்துது."

ஆஸ்பத்திரி வார்டு

அடுத்த பௌர்ணமிக்கு அப்புறம் கூழ்க்கடை திறக்கவில்லை. கன்னியம்மா அரசு ஆஸ்பத்திரியில் இருப்பதாக டீக்கடைக்காரர் சொன்னார். அவருக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. என்னுடைய கோடுகளின் விளிம்பு கிழித்தது தெரியாமலே மிச்ச மலையையும் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் பாயில் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார். புண் ஆறவில்லை. இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நான் வாழைப்பழச் சீப்போடு போயிருந்தேன். சர்க்கரைக்காரருக்கு வாழைப்பழம்! அதையும் யோசிக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அந்தக் கோட்டை இழுத்தது நான்தாம்மா" என்றேன். அழுதுவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார்: "எனக்கு வலியே தெரியல சார். தெரிஞ்சிருந்தா அங்கயே வலிக்குதுன்னு கத்தி உங்களத் திட்டியிருப்பேன், விரலு ரெண்டும் மிஞ்சியிருக்கும்."

முதல் கல்

பாதையை உடைத்துப்போடலாம் என்றான் எங்களில் ஒருவன். மேஸ்திரிதான் மொசைக் தரை தேய்க்கும் மெஷினைக் கொண்டுவந்தார். அதில் மாட்டுகிற தேய்ப்புக் கற்களில் சொரசொரப்பான முதல் கல்லை மட்டும் போட்டுத் தேய்த்தால் கோட்டின் கூர் போகும், பிடிப்பு இருக்கும், அதற்குமேல் தேய்த்தால் வழுக்கும் என்றார். டீக்கடையில் கரண்ட் எடுத்தோம். கன்னியம்மா ஆட்டோவில் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒரு சுற்று தேய்த்ததும் நான் பழக்கதோஷத்தில், "ஒரு தடவை கால் வெச்சுப் பாருங்கம்மா" என்றேன். "என் காலுக்கு இன்னா சார் தெரியும்? உங்க காலு நல்லாத்தானே இருக்குது, ஷூவக் கழட்டுங்க" என்றார்.

மத்தியான வெயில். ஐந்து பேரும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நூறடியையும் நடந்தோம். எனக்குப் பத்தடிக்குள்ளேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுபடி தேய்த்தோம், மறுபடி நடந்தோம். கன்னியம்மா பாதையைப் பார்க்கவே இல்லை, எங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது சுற்றில் நான் கடைசி அடியை வைத்ததும் கையைத் தூக்கினார்: "இப்ப உங்க மூஞ்சி சுருங்கல சார். போதும், மெஷின நிறுத்தச் சொல்லுங்க."

கான்கிரீட்டைச் சோதிக்க எத்தனையோ முறைகளைக் காலேஜில் நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள், ஷூவைக் கழற்றுகிற முறையை மட்டும் இரண்டு விரல்களை இழந்த ஓர் அம்மாளிடம் போய் நான் படிக்க வேண்டியிருந்தது.